இரண்டே முக்கால் மணி நேரம்தானே!

மேற்கு தில்லியின் ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் ஏறுபவருக்கு இரண்டாவது நிறுத்தமாகத் தசரத்புரி வந்துவிடுகிறது. ஜனகனின் பெயர் தாங்கிய ஊருக்கும் தசரதனின் பெயர் தாங்கிய ஊருக்கும் இடையே சில நிமிடங்கள். வால்மீகியின் பாலகாண்டத்தில் இந்தப் பயணம் இவ்வளவு எளிதாக இல்லை. வில் முறிந்த செய்தியைச் சுமந்து சென்ற ஜனகனின் தூதர்கள் வழியில் மூன்று இரவுகளைக் கழித்து, குதிரைகள் களைத்துப்போன நிலையில் அயோத்திக்குள் நுழைகிறார்கள். செய்தி கேட்டுப் புறப்படும் தசரதன், குருமாரும் சேனையும் செல்வமும் உடன்வர, நான்கு நாள் பயணத்தில் விதேக நாட்டை அடைகிறான். வழி ஒன்று, கணக்கு இரண்டு. செல்பவர் யார், எதைச் சுமந்து செல்கிறார், எவ்வளவு அவசரத்தில் செல்கிறார் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும் என்பது அந்தக் காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது. குதிரையின் களைப்பைக்கூட அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

அதே தடத்தில் தசரத்புரிக்கு அப்பால் மூன்றாவது நிறுத்தம் இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தின் முதலாம் முனையம். 2018 மே மாத இறுதியில் இத்தடம் திறக்கப்பட்ட பிறகு, ஜனக்புரியில் வாழும் தமிழருக்கு விமான நிலையம் ஐந்தாவது நிறுத்தமாகிவிட்டது. மத்திய அரசுப் பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்து, வளர்ச்சி ஆணையத்தின் குடியிருப்புகளில் வீடு வாங்கி, பிள்ளைகளைத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஜனக்புரிப் பள்ளியில் சேர்த்து, ஓய்வு பெற்றபின்னும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இவை. தில்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று இவர்களிடம் கேட்டால் கிலோமீட்டரில் விடை வருவது அரிது. “இரண்டே முக்கால் மணி நேரம்” என்பதே விடை. ஊரில் இருப்பவர்கள் அதையே சொல்லும்போது இறுதியில் ஓர் ஒட்டு சேர்ந்துவிடுகிறது: “ஃப்ளைட்ல ரெண்டே முக்கால் மணி நேரம்தானே, வந்துட்டுப் போயிடலாமே!”

இந்தத் ‘தானே’தான் கவனத்துக்குரியது. ஒரு செய்தியை அறிவிப்பதற்கு ‘இரண்டே முக்கால் மணி நேரம்’ என்றாலே போதும். ‘மணி நேரம்தானா’ என்றால் அது வினா. ‘தானே’ இவ்விரண்டிலும் சேராது. கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொண்டு பேசுவது. அதை மறுக்க விரும்புபவர் கூற்றை மட்டும் மறுத்தால் போதாது. தாம் ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டதையும் சேர்த்தே மறுக்க வேண்டும். ‘இரண்டே முக்கால்’ என்பதில் உள்ள ஏகாரமும் தன் பங்குக்கு ஒரு வேலையைச் செய்கிறது. இலக்கணப்படி அது முழு எண்ணையும் பின்னத்தையும் சேர்க்கும் இணைப்பு மட்டுமே. ஆனால் ‘இரண்டே நாள்’, ‘இரண்டே பேர்’ என்னும்போது குறைவைக் காட்ட வரும் ஏகாரமும் அதே ஒலிதான். மூன்று மணி நேரம் என்பதைவிட இரண்டே முக்கால் என்பது காதுக்கு மிகச் சிறியதாகப் படுவதில் இந்த ஒலியொற்றுமைக்கும் பங்கிருக்கலாம். விமான நிறுவனங்கள் திட்டமிட்டுச் செய்த வேலை அல்ல இது. தமிழ் தானாகவே செய்து கொடுத்த உதவி.

அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது? தில்லி விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே புவிப்பரப்பின் மீதான மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். இரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக் கோட்டின் அருகே, ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதால், இதில் பெரும்பகுதி வடக்கு–தெற்கு இறக்கமே. அக்கோட்டின்மீது அப்படியே எந்த விமானமும் பறப்பதில்லை. வகுக்கப்பட்ட வான்வழிகளும், ராணுவத்துக்கென ஒதுக்கப்பட்ட வான்வெளிகளும், இறங்கும் வரிசையும் அதை வளைக்கின்றன. பயணச்சீட்டில் அச்சாகும் நேரமும் பறக்கும் நேரம் அன்று. விமானம் ஒரு முனையத்தில் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து மறுமுனையத்தில் வந்து நிற்பதுவரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கான காத்திருப்பும், தாமதத்துக்கென நிறுவனங்கள் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நிமிடங்களும் அதற்குள் அடக்கம். ஆகவே அது இயந்திரம் ஒன்றின் வேலை நேரம். மனிதர் எவரும் இரண்டே முக்கால் மணி நேரத்தில் தில்லியிலிருந்து சென்னைக்குச் சென்றதில்லை.

ஜெட் யுகம் தொடங்கியபின் அந்த எண் பெரிதாகக் குறையவும் இல்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் 1964-இல் பறக்கவிட்ட காரவெல் விமானத்தின் வேகத்துக்கும் இன்றைய ஏர்பஸ் விமானத்தின் வேகத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அறுபது ஆண்டுகளாகச் சென்னை தில்லிக்கு ஏறத்தாழ இதே அளவு ‘அருகில்’தான் இருந்துவந்திருக்கிறது. 1953-ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டதும், 2003-இல் ஏர் டெக்கான் வந்ததும், அதன்பின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் பெருகியதுமே இந்த எண்ணை நடுத்தர வர்க்கத்தின் வாயில் கொண்டுவந்து வைத்தன. தூரம் சுருங்கிவிட்டதாகப் பேசப்படுகிறது, சுருங்கியது கட்டணம். அதுவும் எல்லா நாட்களிலும் எல்லாருக்கும் சுருங்கவில்லை.

அதற்கு முன்பிருந்த கணக்கு வேறு. 1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, பின்னர் தில்லி–சென்னை வண்டியாக நிலைபெற்ற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும்தாம் தில்லித் தமிழரின் காலக்கணக்கைத் தீர்மானித்தன. சென்னை சென்ட்ரலுக்கும் புது தில்லிக்கும் இடையே இருப்புப்பாதையின் நீளம் 2,182 கிலோமீட்டர். வான்வழிக் கோட்டைவிட நானூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு ஏறத்தாழ முப்பத்து மூன்று மணி நேரம். ஆனால் எவரும் முப்பத்து மூன்று மணி நேரம் என்று சொன்னதில்லை. “ரெண்டு ராத்திரி ஒரு பகல்” என்றே சொன்னார்கள். வால்மீகியின் தூதர்களுக்குரிய அதே அலகு அது.

விமானமேகூட ஒருகாலத்தில் இரவைத்தான் அலகாகக் கொண்டிருந்தது. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சல் பையை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். தில்லி அந்தக் கோட்டில் இல்லை. 1949-இல் இரவு வான் அஞ்சல் திட்டம் வந்தபோது தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் சந்தித்தன. அஞ்சல் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடியலுக்குள் தத்தம் நகருக்குத் திரும்பின. தில்லியில் இரவில் ஏறி, நடுநிசியில் நாகபுரியில் இறங்கி, வேறு விமானத்தில் ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்கிய பயணிக்குத் தாம் கடந்தது ஓர் இரவு என்பதில் ஐயம் இருந்திருக்காது. நாடு முழுவதற்குமாக நாகபுரியில் ஒரு நள்ளிரவு என்பது எண்ணிப்பார்க்க அழகானதுதான்.

இரண்டு இரவு ஒரு பகல் என்னும் அளவு வெறும் பயணக்குறிப்பாக நின்றுவிடவில்லை. அது ஒரு மொழிவழக்கையே உருவாக்கியது. தந்தி வழியே வந்த ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி’ என்னும் வாசகத்தை அறியாத தில்லித் தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. பல வேளைகளில் அங்கே ‘சீரியஸ்’ என்பதற்கு இறந்துவிட்டார் என்றே பொருள். அனுப்பியவருக்கும் அது தெரியும். பெரும்பாலும் பெற்றவருக்கும் தெரியும். ஆயினும் உண்மையை எழுதுவதில்லை. அதைப் பெறுபவர் முப்பத்து மூன்று மணி நேரம், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வர வேண்டியிருந்தது. சென்று சேரும்வரை ஒரு சொல்லின் இடுக்கில் நம்பிக்கையை வைத்துக்கொள்ள மொழி இடம் கொடுத்தது. மங்கல வழக்கு, இடக்கரடக்கல் என்று வகைப்படுத்துவதில் மட்டும் இதன் இயல்பு முழுவதும் புலப்படாது. தூரம் என்னும் காரணி இல்லாவிட்டால் அந்த வாசகம் பிறந்திருக்காது. அடுத்த தெருவில் இருக்கும் மகனுக்கு எவரும் ‘சீரியஸ்’ என்று பொய் சொல்லி ஆளனுப்புவதில்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தபோது அந்த வாசகமும் போயிற்று. ஆனால் அதற்கு முன்பே தொலைபேசி அதை வழக்கொழித்துவிட்டது.

அந்தக் காலத்தில் தில்லியிலிருப்பவருக்காக உடலை வைத்திருப்பதில்லை. அவர் பால் தெளிக்கும் நாளுக்கோ பதினாறாம் நாள் காரியத்துக்கோ வந்து சேர்ந்தார். தம்பியோ பங்காளியோ கொள்ளி வைத்திருப்பார். வருத்தம் உண்டு, வசை கிடையாது. ‘தில்லியிலிருந்து எப்படி வருவான்’ என்று ஊரே அவருக்காகப் பேசியது. வாடகைக்குக் கிடைக்கும் ஃப்ரீசர் பெட்டி சிற்றூர்வரை வந்துசேர்ந்ததும், விமானப் பயணம் பரவலானதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டும் சேர்ந்து மரணத்தின் நேரக்கணக்கை மாற்றின. இப்போது உடல் காத்திருக்கிறது, வீடு காத்திருக்கிறது, ஊர் காத்திருக்கிறது. “எத்தனை மணிக்கு எடுக்கலாம்?” என்னும் வினா தில்லியிலிருப்பவரின் கைப்பேசிக்கு வருகிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அந்நேரம் விமானக் கட்டணத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நாள் காலைக்கான கட்டணம் வழக்கமானதைப்போல் இரு மடங்காகவோ மும்மடங்காகவோ நிற்கிறது. மனைவியும் இரு பிள்ளைகளும் சேர்ந்தால் நான்கு சீட்டு. துக்கத்துக்குச் செல்பவர் பதினைந்து நாள் முன்னதாகச் சீட்டு எடுத்துவைக்க முடியாது என்பதால், மலிவுக் கட்டணம் என்னும் ஏற்பாடே அவருக்குப் பயன்படாத ஒன்று. யார் போவது, யாரை விட்டுவிட்டுப் போவது என்னும் கணக்கை அவர் அந்த இரவில் போட வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்து, தாம் மட்டும் வருவதாக அவர் சொல்லும்போதுதான் மறுமுனையில் அந்தத் ‘தானே’ வருகிறது.

விமானத்தைக் குறை சொல்வதன்று இது. மகளின் பிரசவத்துக்குச் செல்லும் தாய்க்கு இரண்டு இரவுப் பயணத்தைப் பரிந்துரைக்க எவருக்கும் உரிமை இல்லை. தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடிந்தவர்கள் விமானத்தினால்தான் பார்த்தார்கள். ரயில் பயணத்தின் தோழமையைப் பற்றிக் கசிந்துருகும் எழுத்துகள் போதுமான அளவு உள்ளன. அவற்றை எழுதுபவர்களில் பெரும்பாலோர் இப்போது முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுவதில்லை. சிக்கல் வேகத்தில் இல்லை. சிலருக்குச் சில நாட்களில் வாய்க்கும் வேகம், எல்லாருக்கும் எல்லா நாட்களிலும் உரிய தூரமாக அறிவிக்கப்படுவதில் இருக்கிறது. முன்பு தூரமே வராதவருக்குச் சாக்காக இருந்து அவரது வறுமையை மறைத்துக் கொடுத்தது. இன்று அந்தத் திரை இல்லை. வர இயலாதவர் தம்மிடம் பணம் இல்லை என்று சொல்ல வேண்டும். அல்லது மனம் இல்லாதவர் என்று பெயர் வாங்க வேண்டும்.

அரசின் ஆவணங்கள் இந்தச் சமனின்மையை ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்கின்றன. 2020 மே 25-இல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, நாட்டின் வான்வழிகள் அனைத்தும் பறக்கும் நேரத்தைக் கொண்டு ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதிக்கப்பட்டன. நாற்பது நிமிடத்துக்குள் ஒன்று, நாற்பதிலிருந்து அறுபது வரை ஒன்று என்று அவ்வரிசை மூன்றரை மணி நேரம்வரை சென்றது. 2022 ஆகஸ்ட் இறுதியில் அவ்வரம்புகள் நீக்கப்படும்வரை இந்தியாவின் வரைபடத்தை நிமிடங்களில் வாசிக்க முடிந்தது. சிறு நகரங்களுக்கான உடான் திட்டமும் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டரை ஒரு மணி நேரப் பறப்பாகக் கொண்டு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தே தொடங்கியது. மறுபுறம் மத்திய அரசு ஊழியரின் பயணப்படி விதிகள் உள்ளன. ஏழாம் ஊதியக்குழுவுக்குப் பின் வந்த ஆணையின்படி, ஊதிய நிலை ஆறும் அதற்கு மேலும் உள்ளவர் அலுவல் பயணத்துக்கு விமானத்தில் செல்லலாம். ஐந்தும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு ரயில். அதாவது ஒரே அலுவலகத்தின் ஒரே வேலைக்காக ஜனக்புரியிலிருந்து புறப்படும் இருவரில் ஒருவருக்குச் சென்னை மூன்று மணி நேரத் தொலைவிலும் மற்றவருக்கு முப்பத்து மூன்று மணி நேரத் தொலைவிலும் இருக்கிறது. தூதருக்கும் அரசனுக்கும் வேறு வேறு கணக்கு வைத்த காப்பியம் நினைவுக்கு வருகிறது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே தாமதம் அரசனுக்கு.

இன்னொரு பிழையும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. தில்லித் தமிழர் ‘சென்னைக்குப் போகிறோம்’ என்று சொல்வதைவிட ‘ஊருக்குப் போகிறோம்’ என்று சொல்வதே மிகுதி. ‘ஊர்’ என்பதற்கு அங்கே பெயர் தேவையில்லை. பேசுபவரின் பிறப்பிடமே அதன் பொருள். விமான நிறுவனத்துக்கு அந்தச் சொல் தெரியாது. அதன் அட்டவணையில் சென்னையும் கோவையும் மதுரையும்போல் சில பெயர்களே உண்டு. ஊர் திருவாரூரானால் கணக்கு இப்படி அமையும். காலை ஏழு மணி விமானத்துக்கு ஜனக்புரி வீட்டைவிட்டு விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். அந்நேரம் மெட்ரோ ஓடாது என்பதால் ஐந்தாவது நிறுத்தம் என்னும் வசதி பயனற்றது, வாடகைக் கார்தான். பத்து மணிக்குச் சற்று முன்பாக மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, 2023-இன் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை அடைய நண்பகல் நெருங்கிவிடும். அங்கிருந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம். வீட்டு வாசலை மிதிக்கும்போது விளக்கு வைத்து நேரமாகியிருக்கும். பதினைந்து மணி நேரம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே அந்தப் புகழ்பெற்ற இரண்டே முக்கால். இவையெல்லாம் பனி இல்லாத மாதங்களுக்கான கணக்கு. டிசம்பர், ஜனவரியில் தில்லியின் மூடுபனி ஒரு காலைப்பொழுதை அப்படியே விழுங்கிவிட வல்லது.

தமிழின் பழைய அளவைச் சொற்கள் இத்தகைய பிழைக்கு இடம் கொடுக்காதவை. ‘கூப்பிடு தூரம்’ என்பது ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவருக்குக் கேட்கும் தொலைவு. அது இருவரையும் ஒரே நேரத்தில் அளக்கிறது. ‘நாழிகை வழி’ என்பது ஒரு நாழிகையில், அதாவது இருபத்து நான்கு நிமிடத்தில், நடந்து கடக்கக்கூடிய வழி. நடப்பவரின் கால் அந்த அலகிலேயே இருக்கிறது. ‘தொலை’ என்னும் வினையடிக்கு முடிந்துபோதல், இழக்கப்படுதல் என்னும் பொருள்களும் உண்டு. அதிலிருந்து பிறந்த ‘தொலைவு’ அழிவையும் தூரத்தையும் ஒருங்கே குறித்துவந்திருக்கிறது. சங்க அகப்பாடல்களில் பிரிந்து சென்ற தலைவன் எத்தனை காதம் சென்றான் என்பதைக் காட்டிலும், வேங்கட மலைக்கு அப்பால் வேற்றுமொழி வழங்கும் நிலத்துக்குச் சென்றுவிட்டான் என்பதே தலைவியை வாட்டுகிறது. அங்கே மொழி மாறும் இடமே தூரத்தின் எல்லைக்கல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் செல்பவருக்கு இந்த அளவு இன்றும் கிடைக்கிறது. விஜயவாடாவிலும் வாரங்கலிலும் தெலுங்கு, நாகபுரியில் மராத்தி கலந்த இந்தி, போபாலிலும் ஆக்ராவிலும் வேறு வேறு இந்தி என்று தேநீர் விற்பவரின் குரல் மாறிக்கொண்டே வரும். விமானப் பயணிக்கு மொழி ஒரே வெட்டில் மாறுகிறது.

தூரம் என்பது நில அளவையால் மட்டும் தீர்வதில்லை என்பதற்குப் பாக் நீரிணையின் இருகரைகளும் சான்று. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே வான்வழியில் நானூறு கிலோமீட்டர்கூட இல்லை. 1914 முதல் ரயிலும் கப்பலுமாகத் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி இருந்தது, 1964-இன் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பின்னர் போர். 2019-இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகித் சென்னைக்கு நேரடி விமானம் பறக்கும்வரை, யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, பிறகு வந்த வழிக்கு மேலேயே வடக்கே பறந்து சென்னையை அடைய வேண்டியிருந்தது. பேரிடர்க் காலத்தில் நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டுகள் முழுவதும் கடலின் அகலம் மாறவே இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தில்லியின் ஆய்வுத் துறைகளுக்குச் சிறப்பாக உண்டு. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல் அறிவிப்புகள் பத்து நாள் அவகாசத்தில் வெளிவருவது அரிதான செய்தியன்று. ‘பயணப்படி எதுவும் வழங்கப்பட மாட்டாது’ என்னும் செயப்பாட்டு வாக்கியம் அவற்றின் அடியில் தவறாமல் இருக்கும். வழங்காதவர் யார் என்பதைச் சொல்லாமலிருக்க அந்த வாக்கிய அமைப்பு வசதியானது. ரயிலில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. 2024 நவம்பருக்கு முன் அது நூற்றிருபது நாட்களாக இருந்தது. பத்து நாள் இருக்கும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் படுக்கை தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல். எஞ்சியிருப்பது முதல் நாள் காலை திறக்கும் தட்கல். ஆகவே பத்து நாள் அவகாசம் என்பது விமானத்தில் வரக்கூடியவருக்கு விடுக்கப்படும் அழைப்பு. அறிவிப்பை எழுதியவர் மனத்தில் அப்படியோர் எண்ணம் இருந்திருக்காது. அவர் மனத்தில் இருந்தது இரண்டே முக்கால் மணி நேரம்.

திருவாரூரிலிருந்து வரும் அந்த விண்ணப்பதாரர் முதல் நாள் பகலில் சென்னைக்குப் பேருந்தில் வருகிறார். இரவு பத்து மணியளவில் ரயில். மூன்றாம் நாள் காலையில் புது தில்லியில் இறங்கி, மெட்ரோவில் ஜனக்புரியிலுள்ள தூரத்து உறவான சித்தி வீட்டுக்குச் சென்று குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்தரை மணிக்குத் துறையின் வாசலில் நிற்கிறார். நேர்காணல் பதினைந்து நிமிடம். அன்றிரவே திரும்பும் வண்டி. நான்கு இரவுகள் ரயிலில். இரண்டு பகல்கள் பேருந்தில். அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் அமர்ந்தவர் காலையில் பெங்களூரிலிருந்து பறந்து வந்து மாலையில் திரும்புபவராக இருக்கலாம். இருவரின் ஆய்வு முன்மொழிவுகளையும் குழு ஒரே அளவுகோலால் மதிப்பிடுவதாக நம்புகிறது. ஒருவர் இரண்டு இரவாகச் சரியாக உறங்காதவர் என்பது அக்குழுவின் மதிப்பெண் தாளில் இடம்பெறும் செய்தியன்று.

2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளைக் காணொளி வழியே நடத்த இசைந்தது. பட்டத்தை வழங்கப் போதுமானதாக இருந்த ஏற்பாடு, சேர்க்கைக்கான பதினைந்து நிமிட உரையாடலுக்குப் போதாது என்று வாதிடுவது கடினம். நேரில்தான் காண வேண்டும் என்று ஒரு துறை கருதினால் அதற்கும் நியாயம் இருக்கலாம். இணைய இணைப்பே சீராக இல்லாத ஊர்களும் உண்டு. அப்படியானால் நேர்காணல் நாளை அறுபது நாள் முன்னதாக அறிவிக்கலாம். விண்ணப்பத்துக்கான கடைசி நாளை வெளியிடும்போதே அதையும் சேர்த்து வெளியிட எந்தத் தடையும் இல்லை. தொலைவிலிருந்து வருபவரைப் பட்டியலின் பிற்பகுதியில் வைத்து, காலையில் இறங்கியவர் பிற்பகல்வரை சற்று உறங்க விடலாம். இரண்டாம் வகுப்புப் படுக்கைக் கட்டணத்தையாவது துறையின் செலவில் சேர்க்கலாம். விண்ணப்பப் படிவத்தில் ‘வரும் ஊர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால், யாரை எந்த நாளில் அழைப்பது என்று முடிவு செய்வதற்கு அதுவே போதும்.